புத்தர் குன்றில் ஒரு பொம்பிளை பார்ப்பு

அந்தக் குன்றின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் சனம் மடிப்புக் கதிரையும் வடைப் பெட்டியுமாக அங்கே வந்து நிற்கும். தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அலுப்பில்லாமல் கார் ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில், உச்சியில் ஒரு புத்த கோயில் உள்ள குன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பிக்குமார் பார்த்துவரும் கோயில். வெள்ளைத் தூபி ஒன்று, நகரத்தைப் பார்த்தபடி பெரிய புத்தர் ஒருவர், அவருக்குக் கீழே மேற்குப் பக்கமாகச் சரிந்து இறங்கும் புல்தரை, அதில் அங்கங்கே உட்கார மர வாங்குகள். வெள்ளைக்காரர் அங்கே போவது நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்களைப் பார்க்கவும், சூரியன் மறைவதைப் பார்க்கவும். நான் போனது ஒளிந்துகொள்ள.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் அது. அவள் மருந்தாளராக வேலை செய்கிறாள். முப்பதைத் தாண்டிவிட்டாள். அதற்கு முன்னர் இரண்டு இடங்கள் சரிவந்து, இரண்டும் சந்திப்போடு முறிந்துபோயிருந்தன. முதலாவது சந்திப்பை எங்கள் கோயிலில் வைத்தோம். மாப்பிள்ளை கோயில் வீதியைச் சுற்றி முடிக்க முன்னமே செவன் கிங்ஸில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசியில் வந்து, "பொடியன் கொஞ்சம் கட்டையாமே?" என்று கேட்டாள். இரண்டாவதை டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்தோம். தோசை கொண்டுவந்தவர் பொடியனைப் பார்த்து, "இவர் எங்கட மாமியின்ர பெறாமகன் எல்லோ!" என்று கூவினார். சமையலறைக் கதவு வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. அடுத்த நாள் யாரோ ஒரு நல்ல மனம் படைத்தவர் பொடியனின் தாய்க்கு அழைப்பெடுத்து, எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் கேட்காத தகவல்களை எல்லாம் கொடுத்திருக்கிறார்.

செய்தி எப்படிக் கசிந்தது என்பதில் எங்கள் வீட்டில் சந்தேகம் முழுவதும் என் மேல்தான். நான் யாருக்கும் சொல்லவில்லை. இதை இங்கே அச்சில் போட்டாலும் என் மனுசி நம்பப் போவதில்லை.

மகளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்று அவள் பேசியதைக் கேட்க நான் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டியிருந்தது.

"அப்பா, இதுதான் கடைசி. நான் முடிவெடுக்க முன்னம் ஒரு அன்ரிக்குக் கூடத் தெரியக்கூடாது. தெரிஞ்சுதோ, இனி நீங்கள் ஆரையும் பாக்கத் தேவையில்லை. நான் சீரியஸா சொல்றன்."

அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அப்போது வந்திருந்தது நல்ல இடம். மனுசியின் சவுத்தால் சிநேகிதி ஒருத்தி மூலம் வந்தது. பொடியன் எஞ்சினியர். படம் மகளின் தொலைபேசிக்கு மட்டும்தான் வந்தது. எங்களுக்குக் காட்டவில்லை. காட்டினால் நான் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவேனாம். தவறுதலாகத்தானாம், ஆனாலும் போட்டுவிடுவேனாம்.

இடம் தெரிவுசெய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். லண்டனில் தமிழன் இல்லாத இடம் எது? இரவு பகலாக யோசித்தேன். பூங்கா? எங்கள் ஆட்கள் இனிப்பு வியாதிக்கு நடக்கிறார்கள். கடற்கரை? பஸ் பிடித்து வருகிறார்கள். மாதா கோயில்? மன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் வாசலிலேயே நிற்கும். அப்போதுதான் எனக்கு அந்தக் குன்று உதித்தது.

எங்கள் பக்கத்து ஆளுக்கு ஒரு மேட்டில் புத்தரைக் கண்டால் முதலில் வருவது பக்தி இல்லை. இவர் எப்போது வந்தார், காணி யாருடையது, பின்னால் யார் வரப்போகிறார்கள் என்ற கேள்விகள்தான் வரும். ஊரில் அந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருந்தது. லண்டனுக்கு வரும்போது நாங்கள் பெட்டியில் மிளகாய்த்தூளோடு அவற்றையும் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். ஆகவே, புத்தர் குடியிருக்கும் குன்றுக்கு எங்கள் சனம் ஒருநாளும் ஏறாது. ஒரு இனத்தின் சந்தேகத்தையே வேலியாகப் போட்டு அதற்குள் மகளின் கலியாணத்தை முடிக்கப் பார்த்த ஒரே தகப்பன் நான்தான் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சிங்கள விகாரையோ?" என்று மனுசி கேட்டாள்.

"இல்லை. தாய்லாந்து."

"எப்பிடித் தெரியும்?"

"கூரை மினுங்குது."

அவள் என்னை நம்பாமல் தானும் தேடிப் பார்த்துத்தான் சம்மதித்தாள்.

செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்று. பெற்றோல் அடிக்க நான் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. அங்கே காசாளர் சாவகச்சேரிக்காரர். மனுசியைச் சேலை உடுக்க விடவில்லை. நானும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தை மூடும் ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "அப்பா, நீங்கள் பாங்க் கொள்ளையடிக்கப் போற ஆள் மாதிரி இருக்கிறீங்கள்."

"ஆருக்கும் அடையாளம் தெரியாது."

"ஆனா எல்லாரும் பாப்பினம்."

வழியில் அவள் விதிகளைச் சொன்னாள். பொடியன் தனியாக வருவார். நீல ஜாக்கெட் போட்டிருப்பார். அவர்கள் இருவரும் புல்தரையில் ஒரு வாங்கில் இருந்து கதைப்பார்கள். நானும் மனுசியும் கோயில் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். புல்தரைப் பக்கம் தலை காட்டக்கூடாது. "நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சா அவருக்கும் கதை வராது, எனக்கும் வராது."

"விளங்குது," என்றேன்.

"அம்மா, இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள்.

மேலே போனதும் மகள் புல்தரைப் பக்கம் இறங்கிவிட்டாள். நாங்கள் மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றி மரத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனோம். பளபளக்கும் தரை, ஊதுவத்தி வாசனை, பொன் நிறத்தில் இன்னுமொரு புத்தர். மனுசி எந்தத் தயக்கமும் இல்லாமல் கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டாள். என் கைகள் பாதி வழி எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் நாடியைச் சொறிந்துவிட்டு இறங்கின.

"என்ன கேட்டனீர்?" என்றேன்.

"வேற என்ன? பிள்ளைக்கு இது சரிவர வேணும் எண்டு."

"அவர் பெண்சாதி பிள்ளையை விட்டிட்டு அரண்மனையால வெளிக்கிட்ட மனிசன். அவரிட்டயே கலியாணம் கேக்கிறீர்?"

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அவருக்குக் கேட்கும்."

மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. வாசலில் கண்ட ஒரு காட்சி மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. சப்பாத்துத் தட்டில், என் சப்பாத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சோடி கறுப்புச் சப்பாத்து. அதன் குதிப் பக்கம் இரண்டும் மிதித்து மடிக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் சப்பாத்தை அவிழ்த்துக் கட்டுவான். தாய்லாந்துக்காரர் அங்கே செருப்போடுதான் வருகிறார்கள். நல்ல தோல் சப்பாத்தின் குதியை மிதித்துச் செருப்பாக்குவது, ஒவ்வொரு வெள்ளியும் கோயில் வாசலில் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அலுத்துப்போன எங்கள் ஆம்பிளைகள்தான். என்னுடைய சப்பாத்தும் அப்படித்தான் இருந்தது. இரண்டு சோடியும் கூடப் பிறந்தவை போல அருகருகே கிடந்தன.

குன்றில் ஒரு தமிழன் இருக்கிறான்.

"மூத்திரம் பெய்திட்டு வாறன்," என்று மனுசியிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். அந்தச் சோடியைக் காணவில்லை! ஆள் வெளியே போய்விட்டான். குனிந்து தட்டு முழுவதையும் ஆராய்ந்துகொண்டிருக்க, பின்னால் ஒரு தாய்லாந்து அம்மா வந்து, உதவி வேணுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் சப்பாத்தைத் தேடுகிறேன் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். நான் அதற்குள் சப்பாத்தை மாட்டிவிட்டிருந்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மற்றவர்களின் சப்பாத்துகளுக்கு மேல் குனிந்த முகம். நான் வெளியேறும்வரை அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. தூபிக்குப் பின்னால், ஒரு மரத்தோடு ஒட்டியபடி, என் வயதுக்காரர் ஒருவர் நின்றார். கம்பளித் தொப்பி. கழுத்தை மூடும் ஜாக்கெட். தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நைஸ் வியூ," என்றேன்.

"வெரி நைஸ்," என்றார்.

"யூ கம் ஹியர் எவ்ரி வீக்?"

"ஓம்..." என்று எங்கள் ஊர் 'ஆம்' வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு. உடனே கண்ணை மூடி, அதை இழுத்து, "ஓம்ம்ம்ம்" என்று தியானம்போல முடித்தார். கெட்டிக்காரன். ஆனால் நான் விடுவேனா?

"அண்ணை," என்றேன், "சூரியன் மறையிறது மற்றப் பக்கம். நீங்கள் படம் எடுக்கிறது கார் பார்க்கை."

அவர் தொலைபேசியை இறக்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இவர் செவன் கிங்ஸ் ஆள் என்று என் மனம் சொன்னது. மச்சாளுக்குத் தெரிந்தவர். மச்சாள் அனுப்பியவராகவே கூட இருக்கலாம். நான் யார் அனுப்பியவன் என்று அவர் மனம் என்ன சொன்னதோ.

"எந்த இடம் நீங்கள்?" என்றார்.

"சும்மா, இஞ்சதான். நீங்கள்?"

"நானும் சும்மா இஞ்சதான்."

"என்ன விசயமா வந்தனீங்கள்?"

"காற்று வாங்க. நீங்கள்?"

"மனதுக்கு ஒரு அமைதி..." என்றேன். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இப்படியே போயிருந்தால் இருட்டும்வரை போயிருக்கும். அவர்தான் முதலில் களைத்துப்போனார். பெருமூச்சு விட்டு, "தம்பி, பிள்ளையாணைச் சொல்லுங்கோ, நீங்கள் ஆரிட்டையும் சொல்ல மாட்டியள் எண்டு. என்ர மகள் கீழ காருக்குள்ள தாயோட இருக்கிறா. ஒரு பொடியனைச் சந்திக்க வந்திருக்கிறம். இஞ்ச எங்கட சனம் வராது எண்டுதான் இந்த இடம்..." என்றார்.

என் திட்டத்தை வேறு ஒரு தகப்பனும் போட்டிருந்ததை அறிந்ததில் எனக்குப் பாதி ஆறுதல், பாதி பொறாமை. நானும் பிள்ளையாணை வாங்கிக்கொண்டு, "நாங்களும் அதுக்குத்தான்," என்றேன். "எங்கட பிள்ளை கீழ கதைச்சுக்கொண்டு இருக்கிறா. பொடியன் நீல ஜாக்கெட்."

அவர் முகம் மாறியது. "எங்கட பொடியனும் நீல ஜாக்கெட் எண்டுதான் சொன்னவை."

"வேலை?"

"எஞ்சினியர்."

இரண்டு பேரும் சரிவின் விளிம்புக்கு ஓடிப் போய்ப் பார்த்தோம். வாங்குகளில் வெள்ளைக்காரச் சோடிகள் சில. நாய் ஒன்று. என் மகள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு நீல ஜாக்கெட். புல்தரை முழுவதிலும் வேறு நீல ஜாக்கெட் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். ஒரே பின்னேரத்தில், ஒரே பார்க்கிங் காசில், இரண்டு பொம்பிளை பார்க்க வந்திருக்கிறான் படுபாவி. ஒருத்தி வாங்கில், அடுத்தவள் காருக்குள் வரிசையில்.

"பொடியன்ர ஆக்களின்ர ஊர் எது?" என்று கேட்டேன்.

"நீங்கள் முதல் சொல்லுங்கோ."

"இல்லை, நீங்கள்."

"இரண்டு பேரும் ஒண்டா சொல்லுவம்," என்றார். மூன்று என்று எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் வாயைத் திறந்தோம். மற்றவர் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்ததால் ஒரு சத்தமும் வரவில்லை. அவ்வளவு பத்திரமான இரகசியங்கள். தெரிந்துகொள்ள ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு தகப்பன்மாருக்கும் மனம் வரவில்லை.

முகத்தையாவது பார்ப்போம் என்றால் சூரியன் விடவில்லை. வருஷத்தில் பாதி நாள் முகம் காட்டாத லண்டன் சூரியன், அன்று பார்த்து, நேரே அந்த வாங்குக்குப் பின்னால் இறங்கி நின்று எரிந்தது. நகரம் முழுவதும் செம்பு நிறம். கோபுரங்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹீத்ரோவுக்கு இறங்கின. எங்களைச் சுற்றி நின்றவர்கள் "ஓ" என்றார்கள். நாங்கள் இருவர் மட்டும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, "சீ, இந்தச் சூரியன்!" என்று திட்டிக்கொண்டு நின்றோம். மகளும் பொடியனும் இரண்டு கறுப்பு உருவங்களாகத்தான் தெரிந்தார்கள்.

அப்போது ஒரு கறுப்பு உருவம் தலையைப் பின்னால் எறிந்தது. மகள் சிரிக்கிறாள். முதல் இரண்டு சந்திப்பிலும் அவள் தண்ணீர்ப் போத்தலின் லேபிளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போய்க் கேக்கப் போறன்," என்றார் அவர். "உங்கட பிள்ளைக்கும் எல்லோ இது ஏமாற்று?"

நானும் ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன். சந்தேகம் எனக்கும் அவர் அளவுக்கு இருந்தது. ஆனால் நான் போய் நின்றால் கதை முடிந்தது. பொடியன் கள்ளனாக இருந்தாலும் முடிந்தது, நல்லவனாக இருந்தாலும் முடிந்தது. இனி ஆரையும் பார்க்கத் தேவையில்லை என்றவள் மகள்.

"அண்ணை, நில்லுங்கோ. பிள்ளை சிரிக்குது."

"சிரிக்க வைக்கிறவங்களைத்தான் நம்பேலாது!" என்று சொல்லி அவர் இறங்கத் தொடங்கினார். நான் எட்டி அவருடைய ஜாக்கெட் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். மத்தியானம் பெய்த மழையில் புல் ஊறியிருந்தது. இரண்டு பேரின் காலிலும் குதி மடித்த சப்பாத்து. முதலில் அவருடைய இடது சப்பாத்து தனியாகப் போனது. பிறகு அவர் போனார். கையை விடாததால் நானும் போனேன். புத்தர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தகப்பன்மார் பிட்டம் தேய அந்தச் சரிவில் சறுக்கி, மகள் இருந்த வாங்குக்குச் சரி முன்னால் போய் நின்றோம்.

மகள் எழும்பிவிட்டாள். என் தொப்பி எங்கோ போய்விட்டது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவள் வாய் "அப்" என்ற அளவுக்குத் திறந்தது.

"சொறி, மிஸ்," என்றேன். "வெரி பியூட்டிபுல் சன்செட்."

ஒரு கணம். அவள் கண்ணில் பலதும் வந்து போனது. பிறகு, "ஆர் யூ ஓகே, சார்?" என்றாள்.

"பைன், பைன்."

பொடியன் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினான். என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான். முழங்காலை மடக்கிப் பாருங்கள் சார், நோகிறதா சார் என்று மரியாதையான ஆங்கிலத்தில் விசாரித்தான். தூரப் போய்க் கிடந்த மற்றவரின் சப்பாத்தை எடுத்து வந்து காலுக்குப் பக்கத்தில் வைத்தான். முகத்தை நன்றாகப் பார்த்தேன். கள்ள முகமாகத் தெரியவில்லை. ஆனால் கள்ள முகம் எப்படி இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? கண்ணாடியில் நான் தினமும் பார்ப்பது ஒன்றைத்தான்.

மற்றவர் பொடியனைக் கூர்ந்து பார்த்தபடி வாயைத் திறந்தார். கேட்கத்தான் போகிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி அலறியது. தவறி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ! பொடியன் இப்பத்தான் வந்து இறங்கியிருக்கிறார்! ரயில் லேட்டாம்! நீல ஜாக்கெட்டோட நிக்கிறார்! நீங்கள் எங்க போய்த் துலைஞ்சனீங்கள்?" என்று ஒரு பெண்குரல் குன்று முழுவதற்கும் கேட்கக் கத்தியது.

அவர் நிதானமாகத் தொலைபேசியை அணைத்தார். "றோங் நம்பர்," என்றார்.

பொடியன் மிகுந்த அக்கறையோடு நகரத்தைப் பார்த்தான்.

நாங்கள் இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு ஏறினோம். மேலே வந்ததும் அவர் என் கையைப் பிடித்து, "நான் உங்களைக் காணேல்லை," என்றார்.

"நான் இஞ்ச வரவே இல்லை, அண்ணை," என்றேன்.

அவர் கார் பார்க்கை நோக்கி ஓடினார். பெயர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

சூரியன் போய், வானத்தில் ஊதா நிறம் மட்டும் மிஞ்சியபோது மகள் தனியாக ஏறி வந்தாள். மனுசி மண்டப வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். நான் மரத்தடியில் நின்றேன். திட்டு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குத் தெரியும் அப்பா," என்றாள் மெதுவாக.

"என்ன தெரியும்?"

"நீங்கள் ஆரெண்டு. சறுக்கி வரேக்க 'ஐயோ அம்மாளாச்சி' எண்டு கத்திக்கொண்டு வந்தனீங்கள். என்ர வாயும் 'அப்' எண்டு திறந்திட்டுது. பிறகு நீங்கள் 'சொறி, மிஸ்' எண்டுறீங்கள்."

நான் கத்தியது எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப ஏன் அவர் என்னை சார், சார் எண்டவர்?"

"நான் கேட்டனான். 'உங்கட அப்பா அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார், நான் ஏன் கெடுக்க வேணும்' எண்டு சொன்னவர். நீங்கள் மேல போய்ச் சேருமட்டும் சிரிக்கக்கூட இல்லை. பிறகுதான் சிரிச்சவர். கண்ணால தண்ணி வாற மாதிரி." அவளும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "ஒரு விசயத்தை வெளிய விடாமல் வச்சிருக்கத் தெரிஞ்ச ஆள், அப்பா. எங்கட சனத்துக்குள்ள."

மனுசி வந்து சேர்ந்தாள். என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "உங்கட காற்சட்டை ஏன் பின்னால பச்சையா இருக்கு?"

"புத்தருக்கு முன்னால விழுந்து கும்பிட்டனான்."

"நீங்களோ?"

"ஓம் அம்மா," என்றாள் மகள். "நான் பாத்தனான். நல்லாத்தான் விழுந்தவர்."

காரில் ஏறி, குன்றை விட்டு இறங்கும்வரை மனுசி பொறுத்தாள். பிறகு பின்னால் திரும்பி, "என்ன பிள்ளை, என்ன மாதிரி?" என்று கேட்டாள்.

"திரும்பச் சந்திக்கப் போறம்."

மனுசி கையைக் கூப்பி நெற்றியில் வைத்துக்கொண்டாள். "எங்க? எப்ப?"

"சொல்ல மாட்டன்."

"எங்களுக்குமோ?"

"உங்களுக்கும்தான்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கில் நிறுத்திப் பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்த்தால், மனுசி கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏன் ஒண்டும் கேக்காமல் இருக்கிறீங்கள்?" என்றாள்.